நாலு வகை ஸ்மோக்ட் பேக்கன் பொரிச்சுப் பாத்தேன், ஒண்ணு மட்டும் ஏன் தண்ணி விட்டு கொதிக்குது?

கொலம்பஸ்_குமரன்:

மக்களே, பேக்கன் (உப்பு போட்டு பதப்படுத்தின பன்னிக்கறி, ஸ்மோக்ட்னா புகை போட்டது) சாப்பிடறவங்க மட்டும் உள்ள வாங்க, மத்தவங்க மன்னிச்சு விட்ருங்க. ஓஹையோ வந்து மூணு வருஷம் ஆச்சு, இத்தனை நாளும் டைனர்ல முட்டையோட வெக்கிற ரெண்டு துண்டோட சரி, வீட்ல செஞ்சதே இல்ல. இப்ப தங்கமணி ஊருக்குப் போயிருக்கா, அடுப்பு என் கையில, அதனால ஒரே நாள்ல நாலு பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டேன். ஹிக்கரி ஸ்மோக்ட் (ஹிக்கரிங்கற மரக்கட்டைப் புகை, இருக்கறதுலயே மலிவு), ஆப்பிள்வுட் ஸ்மோக்ட் திக் கட் (ஆப்பிள் கட்டைப் புகை, தடிமனா சீவினது), மேப்பிள் பாகு போட்டது, அப்புறம் சனிக்கிழமை சந்தைல ஒரு கறிக்கடைக்காரர் தானே உப்பு தடவி புகை போட்டேன்னு வித்தது. கடைசி ஒண்ணு சின்ன பொட்டலம், மலிவு பாக்கெட்ட விட ரெண்டு மடங்கு விலை.

சும்மா தின்னா போதுமே, எனக்குத்தான் புத்தி நிக்காதே. ஒவ்வொண்ணுலயும் 100 கிராம் எடை போட்டு, பொரிச்சு, டிஷ்யூல ஒத்தி எடுத்து திரும்ப எடை போட்டேன். ஹிக்கரி 29 கிராம் ஆயிடுச்சு!! ஆப்பிள்வுட் 38. கறிக்கடைது 46. மேப்பிள எடை போடல, கரியை எடை போட்டு என்ன பண்றது.

முதல் தப்பு, இரும்பு தோசைக்கல்லுல போட்டது. ஓரம் இல்லாத கல்லு, கொழுப்பு நெய்யா உருகி வழிஞ்சு கீழ அடுப்பு காயிலுக்குப் போயி குபுகுபுன்னு புகை, ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பிச்சு நான் ஸ்டூல் மேல ஏறி துண்டால விசிறிட்டு இருக்கேன், எதிர் வீட்டு அம்மா கதவத் தட்டி எல்லாம் ஓகேவான்னு கேக்கறாங்க. அப்புறம்தான் விளிம்பு இருக்கற வார்ப்பு இரும்பு சட்டிக்கு மாறினேன்.

இப்ப என் சந்தேகம்:

ஹிக்கரி பாக்கெட்ட சட்டில போட்டதும் பொரியவே இல்ல, தண்ணி விட்டு கொதிக்குது, மேல வெள்ளையா நுரை மாதிரி ஏதோ ஒண்ணு கட்டிக்குது, பாக்கவே நல்லால்ல. கறிக்கடைது ஒரு சொட்டு தண்ணி விடல, அமைதியா நெய் விட்டு பொரிஞ்சுது. ஏன்?

பாக்கெட்ட திறந்ததும் ஹிக்கரிதான் மூக்கைத் துளைக்கிற புகை வாசம், ஆனா பொரிச்சு வாயில போட்டா உப்பு மட்டும்தான் இருக்கு, புகை எங்க போச்சுன்னே தெரியல. கறிக்கடைதுல உல்டா, பச்சையா இருக்கும்போது பெருசா வாசம் இல்ல, மென்னு முழுங்கின அப்புறம் தொண்டைல விறகு அடுப்பு வாசம் நிக்குது. ஆனா உப்பு கரிக்குது.

மேப்பிள கருக்காம எப்படி பொரிக்கிறது? இன்னொண்ணு, புகை போட்டு வெச்சதுதானே, அப்படியே சாப்பிடலாமா? ஒரு துண்டு வாய் வரைக்கும் கொண்டு போயி பயத்துல கீழ வெச்சுட்டேன்.

கரிச்சட்டி:

தம்பி, வாய்ல போடாம விட்டது நல்லதாப் போச்சு. இங்க கடைல விக்கிற சாதாரண பேக்கன் புகை போட்டதா இருந்தாலும் முழுசா வெந்தது கிடையாது, சமைச்சுத்தான் சாப்பிடணும், பாக்கெட் பின்னாடியே போட்டிருப்பான்.

நான் விஸ்கான்சின்ல பதினொரு வருஷமா இருக்கேன், பேக்கன் விஷயத்துல கொஞ்சம் அனுபவம் உண்டு (டாக்டரும் இதையேதான் வேற மாதிரி சொன்னார்). உன் தண்ணி கதை ரொம்ப சிம்பிள். ஹிக்கரியா ஆப்பிளான்னு பாக்கறதுக்கு முன்னாடி உப்பு எப்படி உள்ள போச்சுன்னு பாரு. ஃபேக்டரில பன்னி வயித்துப் பகுதிய பலகை மாதிரி கிடத்தி, ஊசி ஊசியா இருக்கற மிஷின்ல உப்பு, சர்க்கரை, நைட்ரைட் (கறி கெடாம, நிறம் மாறாம இருக்க போடற ஒரு வகை உப்பு) கரைச்ச தண்ணிய உள்ள ஏத்திடுவான். சீக்கிரம் முடிஞ்சிடும் வேலை. உன் கறிக்கடைக்காரர் நாள்கணக்கா உப்பு சர்க்கரை தடவி புரட்டிப் போட்டு வெச்சிருப்பார், உப்பு உள்ள போகப் போக தண்ணி வெளிய வந்துடும். நம்ம வீட்ல உப்புக்கண்டம் போடறத நெனச்சுப் பாரு, ஆட்டுக்கறில உப்பும் மஞ்சளும் பிசிறி நூல்ல கோத்து வெயில்ல கட்டித் தொங்கவிட்டா நாலாம் நாள் எப்படி சுண்டிப் போகுது. அதே சங்கதிதான், வெயிலுக்குப் பதிலா புகை.

இங்க ஒரு சட்டம் இருக்கு, கேட்டா சிரிப்பு வரும். பேக்கன்னு பேர் போட்டு விக்கணும்னா, ரெடியானதுக்கு அப்புறம் அதோட எடை ஆரம்பத்துல இருந்த பச்சைக் கறி எடைய தாண்டக் கூடாது. அதாவது பத்து கிலோ கறில ஏத்தின உப்புத்தண்ணி அளவுக்கு ஸ்மோக்ஹவுஸ்ல வத்த வெச்சு பழையபடி பத்துக்கு கொண்டு வந்தா போதும். அப்ப கறிக்குன்னு இருந்த தண்ணி அளவு அப்படியே இருக்குதானே, அதுதான் உன் சட்டில கொதிச்சுது. உப்பு தடவினது பத்துல இருந்து எட்டு எட்டரைக்கு இறங்கியிருக்கும். ரெண்டு மடங்கு விலைன்னு அழாதே, உன் எடைக் கணக்குப்படியே 29க்கு 46, தண்ணிக்கு காசு குடுக்காம கறிக்கு குடுத்திருக்கே.

அந்த வெள்ளை நுரை ஒண்ணும் கெட்டுப் போனது இல்ல. உப்புத்தண்ணில கறியோட புரதம் கரைஞ்சு வெளிய வந்து சூடு பட்டதும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கட்டிக்குது, அவ்வளவுதான்.

புகை வாசம் பத்தி கேட்டே பாரு, அந்த மலிவு பாக்கெட்ட குப்பைல போடறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற லிஸ்ட்ட படி. ஸ்மோக் ஃப்ளேவர்னு (விறகுல புகை போடறதுக்குப் பதிலா சேர்க்கற வாசனை) ஒரு வார்த்தை இருக்கும்னு பந்தயம் கட்டறேன்.

கொலம்பஸ்_குமரன்:

அண்ணே குப்பைத் தொட்டிய கிளறி பாத்துட்டேன். தண்ணி, உப்பு, சர்க்கரை, சோடியம் பாஸ்பேட், ஸ்மோக் ஃப்ளேவரிங், சோடியம் எரிதார்பேட், சோடியம் நைட்ரைட். முன்னாடி பக்கம் படத்துல விறகு எரியுது!!! கறிக்கடைதுல உப்பு, பிரவுன் சுகர், மிளகு, நைட்ரைட், முடிஞ்சுது.

மான்செஸ்டர்_மீனா:

குமரன், பாஸ்பேட் இருந்தாலே தண்ணிய பிடிச்சு வெக்கத்தான்னு அர்த்தம். எங்க பக்கமும் அதே கூத்துதான். மலிவு பாக்கெட்ல போர்க் 87 சதவீதம்னு போட்டிருக்கும், மீதி என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அளவுக்கு மேல தண்ணி சேர்த்தா பேர்லயே 'ஆடட் வாட்டர்'னு எழுதணும், ஆனா எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். டிரை க்யூர்ட் (உப்புத்தண்ணி ஏத்தாம உப்பு தடவி வெச்சது) வாங்கினா 100 கிராம் பேக்கனுக்கு நூறு கிராமுக்கு மேல போர்க் எடுத்திருக்கோம்னு போட்டிருப்பாங்க, நான் அத பாத்துதான் வாங்குவேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், நீங்க எல்லாரும் பேசறது ஸ்ட்ரீக்கி பேக்கன், வயித்துப் பகுதி. இங்க பேக்கன் சாண்ட்விச்னா பேக் பேக்கன், முதுகுக் கறி, ஒரு பக்கம் வட்டமா சதை, வால் மாதிரி கொஞ்சம் வயித்துக் கொழுப்பு ஒட்டிட்டு இருக்கும். ஒவ்வொரு துண்டையும் ராஷர்னு சொல்லுவாங்க. இத அமெரிக்கா மாதிரி மொறுமொறுன்னு அப்பளமா பொரிக்க முடியாது, முயற்சி பண்ணா செருப்புத் தோல்தான். கிரில்ல ரெண்டு பக்கமும் லேசா சிவந்து கொழுப்பு ஓரம் மட்டும் முறுகினா எடுத்துடணும். நான் வந்த புதுசுல ஊர்ல வறுவல் பண்ற பழக்கத்துல நல்லா வறுத்து எடுத்து, மாமியார் பல்லுல ஒட்டிக்கிட்டு, அது பெரிய கதை.

இங்க புகை போடாத பேக்கனும் நல்லாவே விக்கும். வீட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சாப்பிட்டுப் பாத்தேன். சும்மா ரொட்டில வெச்சு பிரவுன் சாஸ் ஊத்தி சாப்பிட புகை போடாததுதான் எனக்குப் பிடிச்சுது, கறி இனிப்பா தெரியுது. சூப்புக்கு, பருப்புக்கு எல்லாம் புகை போட்டது. இங்க ஓக், பீச் கட்டைப் புகைதான் அதிகம், உங்க ஹிக்கரி மாதிரி அடிக்காது. வில்ட்ஷர் க்யூர்னு பாத்தா அது உப்புத்தண்ணித் தொட்டில ஊற வெக்கிற முறை, நல்ல கம்பெனி போட்டா சாஃப்டா, உப்பு கம்மியா வரும். ஊற வெச்சாலே மட்டம்னு கரிச்சட்டி அண்ணா முடிவு கட்டிட வேணாம்.

கீரைக்கட்டு:

எல்லாரும் ருசி பத்தியே பேசறீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015லயே பதப்படுத்தின இறைச்சிய முதல் பிரிவுல போட்டாச்சு, சிகரெட் இருக்கற அதே பிரிவு. தினம் 50 கிராம் தின்னா குடல் புற்று வர வாய்ப்பு 18 சதவீதம் கூடுது. வாழ்த்துக்கள்.

கரிச்சட்டி:

கீரை ஐயா வந்துட்டார். நீங்க சொன்னது உண்மைதான், மறுக்கல. ஆனா ஒரே பிரிவுன்னா சிகரெட் அளவு ஆபத்துன்னு அர்த்தம் இல்ல, ஆதாரம் அதே அளவு உறுதியா இருக்குன்னுதான் அர்த்தம். அந்த 18ம் இருக்கற வாய்ப்பு மேல 18, நூறு பேர்ல 18 பேருக்கு வரும்னு இல்ல. தினம் தின்னாதேன்னு சொல்லுங்க, நானும் கூட சேர்ந்து சொல்றேன், எனக்கே இப்ப வாரத்துல ஞாயித்துக்கிழமை மூணு துண்டுதான் அனுமதி.

இதுல இன்னொரு ஏமாத்து வேலை, அன்க்யூர்ட்னு எழுதி கூட ரெண்டு டாலர் வாங்கறது. நைட்ரைட் இல்லையாம். பின்னாடி பாத்தா செலரி பவுடர் போட்டிருப்பான், செலரில இயற்கையாவே நைட்ரேட் இருக்கு, அத நைட்ரைட்டா மாத்தித்தான் சேர்க்கறான். வந்த வழி வேற, வந்த ஆளு அதேதான். பயமா இருந்தா கருக்காம பொரிங்க, நைட்ரைட் போட்ட கறிய ரொம்ப சூட்டுல கருக்கினா நைட்ரோசமைன்னு வேண்டாத சமாச்சாரம் கூடும். அதைக் குறைக்கத்தான் குமரன் லிஸ்ட்ல இருக்கற எரிதார்பேட்டையும் போடறான்.

ஸ்காபரோ_பொடியன்:

அண்ணையாக்கள், கனடாவை விட்டிட்டியள். அமெரிக்காக் கடையில கனேடியன் பேக்கன் எண்டு வட்டமா ஹாம் மாதிரி ஒரு சாமான் விக்கிறாங்கள், இஞ்ச அதை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. ரொறன்ரோவில எங்கட சாமான் பீமீல் பேக்கன். முதுகு இறைச்சியை உப்புத்தண்ணியில ஊறவிட்டு வெளியால சோள மா பிரட்டி விக்கிறது. முந்தி மஞ்சள் பட்டாணி மாவாம், அதாலதான் அந்தப் பேர். புகையே போடுறேல்லை, அதால உங்கட போட்டிக்கு இது வராது எண்டாலும் சொல்லிப்போட்டன்.

செயின்ட் லோரன்ஸ் மார்க்கெட்டில பணிஸுக்க வைச்சுத் தருவாங்கள், ஒருக்கா வந்தால் சாப்பிட்டுப் பாருங்கோ. நான் வீட்டில கொஞ்சம் தடிப்பா வெட்டி, சட்டியில மெல்லிய சூட்டில ரெண்டு பக்கமும் மா சிவக்க விட்டு எடுக்கிறனான், இறைச்சி காயாது, கடிக்கேக்க சாறு இருக்கும். அம்மா அதுக்கு மேல மிளகாய்த்தூள் தூவுவா. வெள்ளைக்காரன் பார்த்தால் அழுவான், ஆனா நல்லா இருக்கும்.

பெங்களூர்_பேச்சிலர்:

புகை புகைன்னு பேசிட்டு நம்ம நாட்ட மறந்துட்டீங்களே. என் ரூம்மேட் நாகாலாந்து பையன், லீவு முடிஞ்சு வரும்போதெல்லாம் வீட்ல புகை போட்ட போர்க் ஒரு கட்டு கொண்டு வருவான். அது பேக்கன் கிடையாது, சர்க்கரை இல்ல, நைட்ரைட் இல்ல, சீவலும் கிடையாது. கட்டை கட்டையா கறிய அடுப்புக்கு மேல பரண் மாதிரி கட்டித் தொங்க விட்டுடுவாங்களாம், தினம் சமைக்கிற புகையே போதும், நாள் போகப் போக கன்னங்கரேல்னு கல்லு மாதிரி ஆயிடும். முதல் தடவ பாத்தப்ப விறகுக்கட்டைன்னு நெனச்சேன், சத்தியமா.

அத பொரிக்க கூடாது. வெந்நீர்ல கழுவி, சுரண்டி, துண்டு போட்டு குக்கர்ல வேக வெச்சு அப்புறம் அக்குனி (புளிக்க வெச்ச சோயா, வாசம் பத்தி ஹவுஸ் ஓனர் கிட்ட ரெண்டு தடவ திட்டு வாங்கியாச்சு) இல்லன்னா மூங்கில் குருத்து, ராஜா மிளகாய் ஒண்ணே ஒண்ணு. எண்ணெயே ஊத்தறதில்ல, கொழுப்பே போதும். குமரன் ப்ரோ தொண்டைல நிக்குதுன்னு சொன்னாரே, இதுல அது அடுத்த நாள் சட்டைல நிக்கும். இத சாப்பிட்ட அப்புறம் இங்க சூப்பர் மார்க்கெட்ல ஃப்ரீசர்ல இருக்கற பேக்கன் எனக்கு வேக வெச்ச உப்பு மாதிரிதான் இருக்கு.

மான்செஸ்டர்_மீனா:

பேச்சிலர் தம்பி, படிக்கும்போதே வாசம் வருது. ஜெர்மனில இருக்கற என் அக்கா வீட்லயும் இதே மாதிரி ஒரு கூத்து. பிளாக் ஃபாரஸ்ட் ஹாம் வாங்கி வெச்சிருந்தா, நான் விவரம் தெரியாம காலைல எழுந்து பேக்கன்னு நெனச்சு சட்டில போட்டுப் பொரிச்சுட்டேன். அது பின்னங்கால் கறி, ஊசியிலை மரப் புகைல சூடு இல்லாம வாரக்கணக்குல போட்டு காய வெச்சது, காகிதம் மாதிரி சீவி அப்படியே ரொட்டில வெச்சு சாப்பிடறது. பொரிச்சா உப்பு பிச்சுக்கிட்டு போகுது. அக்கா ஒரு நாள் முழுக்க பேசல. குமரன் கேட்ட கடைசி கேள்விக்கு இதான் பதில், புகை போட்டதெல்லாம் ஒரே ஜாதி இல்ல.

கரிச்சட்டி:

குமரா, மேப்பிளுக்கு வருவோம், அத மறந்துட்டேன். சர்க்கரை இருக்கு, அதனால கறி முறுகறதுக்குள்ள சர்க்கரை கருகிடுது. சட்டி காஞ்ச அப்புறம் போடாதே, நாம கடுகு தாளிக்கிற பழக்கத்துல எண்ணெய் காயட்டும்னு காத்திருப்போம், இங்க அது ஆகாது. சில்லுன்னு இருக்கற சட்டில பேக்கன அடுக்கி அப்புறம் அடுப்ப பத்த வை, சின்னத் தீ. கொழுப்பு உருகி வர நேரம் கிடைக்கும், சுருண்டுக்காது. இன்னொரு வேலை, கால் டம்ளர் தண்ணி ஊத்தி ஆரம்பி. கேட்டா பைத்தியக்காரத்தனமா தெரியும், ஆனா தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, அதுக்குள்ள கொழுப்பு உருகிடும், தண்ணி வத்தின அப்புறம் தானா பொரியும், தெறிக்கறதும் கம்மி.

நிறைய பேருக்குன்னா ஓவன்தான். டிரேல பேப்பர் விரிச்சு அடுக்கி 400 டிகிரி ஃபாரன்ஹீட், சாதா சைஸ் 15 நிமிஷம், திக் கட்டுக்கு 20 சொச்சம். மேப்பிளுக்கு 375 வெச்சு கடைசி அஞ்சு நிமிஷம் அங்கயே நில்லு, போன் பாக்காதே. கறிக்கடைது உப்பா இருந்தா அரை மணி பச்சத் தண்ணில போட்டு துடைச்சுட்டு பொரி.

உருகின நெய்ய சிங்க்ல ஊத்தித் தொலைச்சுடாதே, பைப் அடைச்சுக்கும். எவர்சில்வர் டம்ளர்ல வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வை.

கட்டை வித்தியாசம் நிஜமா தெரியணும்னா இங்க விட்டன்பர்க்ல நியூஸ்கீஸ்காரங்க 1933லருந்து ஆப்பிள் கட்டைல போடறது, டென்னசில பென்டன்ஸ்காரங்க உப்பும் பிரவுன் சுகரும் தடவி ஹிக்கரில போடறது, ரெண்டையும் தபால்ல வரவழைச்சு ஒரே நாள்ல பொரிச்சுப் பாரு. ஆப்பிள் மெதுவா இனிப்பா வரும். பென்டன்ஸ பொரிச்சா மூணு நாளைக்கு வீட்டுத் திரைச்சீலையெல்லாம் கேம்ப் ஃபயர் வாசம். தங்கமணி எப்ப வராங்கன்னு பாத்துட்டு ஆர்டர் போடு.

கொலம்பஸ்_குமரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்னைக்கு காலைல திரும்ப இறங்கினேன். மேப்பிள் மிச்சம் இருந்தத தண்ணி ஊத்தி ஆரம்பிச்சேன், முதல் அஞ்சு நிமிஷம் பாத்தா ரசத்துல பேக்கன் மிதக்கிற மாதிரி இருந்துச்சு, போச்சுடான்னு நெனச்சேன், அப்புறம் தண்ணி சத்தம் நின்னு பொரியற சத்தம் மாறுச்சு பாருங்க, அங்கேருந்து சரியா வந்துடுச்சு. பழுப்பு நிறம், ஓரம் மட்டும் கொஞ்சம் கருப்பு. கறிக்கடைத ஊற வெச்சுப் பொரிச்சேன், உப்பு பாதியா குறைஞ்சுது, புகை அப்படியே இருக்கு. இனிமே அதுதான், மாசம் ஒரு பொட்டலம் போதும்.

அந்த மலிவு ஹிக்கரி இன்னும் பாதி கிடக்குது, தூக்கிப் போட மனசில்ல. பொடியா நறுக்கி உருக்கி, அந்த நெய்லயே கடுகு வரமிளகா தாளிச்சு முட்டைகோஸ் பொரியல் பண்ணேன். தேங்காய் போடல, உப்பும் போடல. தண்ணி விட்டா என்ன, கோஸும் தண்ணி விடுது, ரெண்டும் சேர்ந்து வத்திடுச்சு. மூணு தட்டு சோறு.

கீரைக்கட்டு ஐயா, உங்க பேச்சையும் கேட்டேன், நடுவுல போயி டர்க்கி பேக்கன் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். பெல்ட்ட வறுத்த மாதிரி இருக்கு. அதுலயும் நைட்ரைட் போட்டிருக்கான். பிரிச்ச பாக்கெட் ஒரு வாரம்தான் ஃப்ரிட்ஜ்ல தாங்குமாம், ஃப்ரீசர்ல ஒரு மாசம். கொலம்பஸ் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, இலவசமா தந்துடறேன்.

கீரைக்கட்டு:

நான் கீரை சாப்பிடச் சொன்னேன், வான்கோழி சாப்பிடச் சொல்லல.